கண்ணாடிக்குப் பின்னால்

ஓவியம் பற்றி இந்தப் பக்கங்களில் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். பிரேம் போடுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஆறு வருஷங்களுக்கு முன், காலமாகிவிட்ட ஓவிய நண்பன் ஒருவனின் கோட்டோவியத்தைக் கடையொன்றில் கொடுத்தேன். கையிருப்பில் இருந்த சட்டத்தைவிடப் படம் இரண்டு விரற்கடை பெரிது. கடைக்காரர் தயங்கவில்லை; கத்தியை எடுத்தார். போன துண்டில் அவன் கையெழுத்து இருந்தது. கேட்டபோது, “ஓரம்தானே சார், படம் முழுசா இருக்கே” என்றார். அவர் முகத்தில் துளி குற்ற உணர்வு இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. தவறு செய்கிறவன் முகம் அல்ல அது. தொழில் தெரிந்தவன் முகம்.

நம் ஊர்களின் பிரேம் கடை ஓவியத்தை நம்பி வளர்ந்ததல்ல, அச்சுப்படத்தை நம்பி வளர்ந்தது. 1894இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளின் சுவருக்கு வந்தார்கள். பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாகப் பரவின. வருஷம் முடிந்ததும் தேதித் தாளை நீக்கிவிட்டு முருகனைக் கடைக்கு எடுத்துப் போவார்கள். ஓரத்தில் இருப்பது ஜவுளிக்கடை விலாசம். அதை வெட்டாமல் மாட்டினால்தான் பிழை. ஒரு பிரதி கெட்டால் இன்னொன்று கிடைக்கும். கத்தி அங்கே பழகிய கை, என் நண்பனின் கையெழுத்தையும் விலாசமாகத்தான் பார்த்திருக்கிறது.

கண்ணாடி விஷயமும் இப்படியே. பூஜைப் படத்துக்குக் கண்ணாடி எதற்கு? சந்தனமும் குங்குமமும் வைக்க, கற்பூரப் புகையைத் துடைக்க. தாளோடு ஒட்டி இருந்தால் அங்கே யாருக்கும் குறையில்லை. நீர்வண்ணப் படத்தை அப்படி வைத்தால், மழைக்கால ஈரம் கண்ணாடியின் உட்புறம் நீராகி, பூசணம் பிடித்து, கடைசியில் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடம் வேண்டும்; சாளரம் போல வெட்டிய மவுண்ட் அட்டை தருவது முதலில் அந்த இடத்தைத்தான், அழகு அப்புறம். (தஞ்சாவூர்ப் படத்துக்கு இந்தக் கவலைகள் குறைவு. பலா மரப்பலகை, அதன்மேல் துணி, சுண்ணப் பூச்சு, பொன் தகடு. ஓரத்தை வெட்ட ரம்பம் வேண்டும்.)

ஆனால் அந்த அட்டையே எதிரியாகலாம். கந்தல் துணியில் செய்த பழைய காகிதம் நூற்றாண்டுகள் நிற்கும். 1807இல் இல்லிக் என்ற ஜெர்மானியர், படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துக் காகிதத்துக்குப் பசையேற்றும் முறையை வெளியிட்டார். 1844இல் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கினார். காகிதம் மலிந்தது, கூடவே அமிலமும் வந்தது. அந்த அமிலம் தன் தாளோடு நிற்பதில்லை, பக்கத்துத் தாளுக்கும் நகரும். என் படத்தை மீண்டும் திறந்தபோது, பின்னால் அண்டை கொடுத்திருந்த செய்தித்தாள் வெள்ளைத் தாளைத் தேநீர் நிறமாக்கியிருந்தது. நான்கு மூலையிலும் வெள்ளைப் பசை. அதைத் தாள் கிழியாமல் எடுக்க முடியவில்லை. தண்ணீரில் இளகும் மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அறியாமையில் எனக்கும் பங்குண்டு. பி.ஏ.வில் டர்னர் என்ற பெயரைக் கேட்டதோடு சரி.

அந்த டர்னரின் படங்களை முன்னிட்டு இங்கிலாந்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வெளிச்சம் நீர்வண்ணத்தைத் தின்கிறதா இல்லையா என்று 1886இல் ரஸ்கின் வரை பத்திரிகையில் மோதினார்கள். ரஸ்ஸலும் ஆப்னியும் சோதனை செய்து 1888இல் அறிக்கை தந்தார்கள்: தின்கிறது, கார்மைன் சிவப்பு முதலில் போகும், காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் பெரும்பாலான வண்ணங்கள் தாக்குப்பிடிக்கும். ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் தன் டர்னர்களில் 38ஐ எடின்பரோவுக்கும் 31ஐ டப்ளினுக்கும் எழுதி வைத்தார். 1900இல் அவை போய்ச் சேர்ந்தன. நிபந்தனை: ஜனவரியில் மட்டும் காட்ட வேண்டும், வெயில் மிகக் குறைந்த மாதம் என்பதால். நமக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது.

நல்ல பிரேம்காரரை எப்படி அடையாளம் காண்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடையின் சட்ட மாதிரிகளைப் பார்க்காதீர்கள். அவர் மாட்டிய ஒரு படத்தின் முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எதால் ஒட்டுவீர்கள், பத்து வருஷம் கழித்துக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். ‘அமிலமில்லாத அட்டை’ என்றதும் சிரிக்கிறவரை விட்டுவிடுங்கள். ‘கிடைக்கும், சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், விலை அதிகம்’ என்கிறவரோடு பேசலாம்.

இரண்டாவது முறை எனக்கு வாய்த்தவர் ஒரு சந்தில் இருக்கும் முதியவர். படத்தைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்தார். வெட்டுப்பட்ட ஓரத்தை வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓரம் சட்டத்துக்குள் மறையாமல் வெளியே தெரியும்படி சாளரத்தைப் பெரிதாக வெட்டட்டுமா என்றார். சரி என்றேன். ஒரு மாதம் ஆகும் என்றவர், ரசீது எழுதும்போது, “எந்தச் சுவர் சார்?” என்று கேட்டார்.

கிழக்குச் சுவர், எதிரே ஜன்னல். வேண்டாம் என்றார். இப்போது உள்ளறையில், பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அங்கே இருந்த முருகனை மனைவி கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.