பக்கத்தில் யார்?

ஜேடர்பாளையம் படுகையணைக்குப் பக்கத்தில் மீன் வறுக்கும் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு நானும் ஓர் அண்ணனும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்போம். எனக்கு ஏடிஹெச்டி, கூடவே மனச்சோர்வு. அவருக்கும் அதே இரண்டும். முப்பது வயதுக்கு மேல்தான் எங்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியவந்தன. அதுவரைக்கும் ஊர் வைத்த பெயர்தான்: சோம்பேறி.

எங்கள் ஏற்பாடு ரொம்பச் சின்னது. காலை ஆறரைக்கு ஒரு போன். "மாத்திரை போட்டாச்சுங்களாண்ணா?" "போட்டாச்சு தம்பி. நீ எந்திரிச்சுட்டயா?" அவ்வளவுதான். ஒரு விண்ணப்பத்தை நிரப்ப முடியாமல் பத்து நாள் கிடந்தால், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் தன் கொடிக்கால் கணக்கைப் பார்ப்பார், நான் விண்ணப்பத்தை முடிப்பேன். பேச்சே இருக்காது.

இதற்கு ஒரு வரலாறு உண்டா என்று தேடிப் படித்தேன். மனம் உடைந்தவனின் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வியாகவே அந்த வரலாறு எனக்குத் தெரிந்தது.

முதலில் சுவர். 1794-இல் வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் ஒரு மனநோயாளர் காப்பகம் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. உள்ளே நோயாளி, வெளியே குடும்பம். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் 1957-லிருந்து அந்த வழியில் நடந்தது. ஆனால் குடும்பத்திடம் சொல்ல முடியாதது என்று ஒன்று இருக்கிறதே?

அதற்கு முன்பின் தெரியாத ஒருவர் தேவைப்பட்டார். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். போனை எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்ல, தன்னார்வலர்கள். புத்தி சொல்லாமல் கேட்பதுதான் அவர்கள் வேலை. தற்கொலைக்கு முயல்வது அப்போது சட்டப்படி குற்றம். அப்படி முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான் சொன்னது. அந்த முப்பது வருசமும் 'போலீசுக்குத் தெரிஞ்சுருமோ' என்ற பயம் இல்லாமல் பேச இப்படி ஓர் இடம் இருந்தது.

மருத்துவர், குடும்பம், அந்நியர். அதே நோய் உள்ள இன்னொருவர்? அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், 1935-இல், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சனுக்கு மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயம் வந்தது. போன் போட்டுப் போட்டு இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பிடித்தார். அவரைக் காப்பாற்ற இல்லை, தான் தப்பிக்க. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அங்கேதான் பிறந்தது. 1937-இல் சிகாகோவில் டாக்டர் ஆபிரகாம் லோ, மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைக் கொண்டு அதேபோல் ஒரு குழு தொடங்கினார்.

எங்களைப் போன்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை. காரணம் எளிது: நாங்கள் கணக்கிலேயே இல்லை. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் விவரித்ததும் குழந்தைகளைத்தான், 1937-இல் சார்லஸ் பிராட்லி மருந்து கொடுத்துப் பார்த்ததும் குழந்தைகளுக்குத்தான். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல்தான் பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று அளவுகோலைத் தனியாகத் தளர்த்தியது. நோய் என்றே பெயர் இல்லாதபோது, அதே நோய் உள்ள இன்னொருவனை எங்கே போய்த் தேடுவது?

போன ஆடியில் மூன்று நாள் தொடர்ந்து அவருக்குப் போன் பண்ண மறந்துவிட்டேன். நாலாம் நாள் நினைவு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். மூன்று நாளாக மாத்திரை இல்லை. "தோட்டத்து வேலைல அலுப்புன்னு நெனச்சனுங்க தம்பி," என்றார் அண்ணி. ரெண்டு ஓட்டைப் பானையை ஒட்டி வைத்தால் தண்ணி நிற்குமா என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணா, மறந்துட்டேன்" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "மத்தவங்க மறந்தா, என்னையத்தான் மறந்துட்டாங்கன்னு இருக்கும். நீ மறந்தா அது வெறும் மறதின்னு எனக்குத் தெரியுமில்ல."

இதைச் சொல்ல இன்னொரு ஏடிஹெச்டிக்காரரால்தான் முடியும். ஆனால் அந்த வார்த்தை மட்டும் போதாது. அன்று மத்தியானமே அவரை நாமக்கல்லில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அதன்பிறகு ஏற்பாட்டில் ஒரு விதி சேர்ந்தது: ஒரு நாள் போன் வரவில்லை என்றால், அண்ணி என்னைக் கூப்பிட வேண்டும். மருத்துவர், குடும்பம், எங்களில் ஒருவர் என மூன்று பேரும் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம்கூட ஒரு நாள் மறந்தேன். ஏழு மணிக்கு அண்ணிதான் கூப்பிட்டார்.