உறையைக் கிழிக்காமலே வாசிக்கலாம்

கேம்பஸ் தந்த மெயிலை நாம எல்லாரும் 'என்னோட மெயில்' என்றுதான் சொல்றோம். பாஸ்வேர்ட் நம்மகிட்டதானே இருக்கு! ஆனா சேர்வரை நடத்துற நிர்வாகிக்கு அந்தப் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. அவர் அதை மாற்றலாம், பெட்டியைத் திறக்கலாம், வருகிற மடலின் பிரதியை இன்னொரு பெட்டிக்குத் திருப்பி விடலாம். பழுதுபார்க்க அந்த அதிகாரம் வேணும்தான். மலையகத்துக்காரங்களுக்கு இந்த ஏற்பாடு புதுசு இல்லை. நம்ம தோட்டங்களின் தபால் பை நூறு வருசத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார். தோட்டத்து ஆள் ஒருவர் டவுன் தபால் கந்தோருக்கு நடந்து போய், பூட்டிய பையைச் சுமந்துகொண்டு மலை ஏறுவார். பை இறங்குற இடம் ஆபிஸ். தொரைக்கு வந்த லண்டன் பேப்பரும், திருச்சியில் இருந்து அக்கா யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதமும் ஒரே மேசையில் கொட்டப்படும். கிளாக்கர் ஐயா பிரித்து, ஆபிஸின் வசதிப்படி லயத்துக்கு அனுப்புவார்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு எப்படியும் இன்னொருத்தர்தானே வாசித்துக் காட்டணும், அதில் என்ன ரகசியம் என்று கேட்கலாம். எனக்கு இது சரியான கேள்வியாகப் படவில்லை. வாசிக்க யாரைக் கூப்பிடுறது என்பது அந்த வீட்டு ஆட்களின் தெரிவு. ஆபிஸ் மேசையை அவங்க தெரிவு செய்யவில்லை.

தாளை வைத்து ஆளைப் பிடிக்கிறது அங்கே பழக்கமான விசயமும்கூட. கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று சொல்கிற 'துண்டு' இல்லாமல் ஒரு தொழிலாளி வேற தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. தபால் பை அப்படியே இருந்தது.

பிறகு தொழிற்சங்கம் வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம் என்பதால், அவர் புடவை வியாபாரி வேசத்தில் உள்ளே போன கதை நமக்குத் தெரியும். ஆள் வேசம் போடலாம், கடிதம் போடுமா? சங்கத்தின் முத்திரை உறைமேலேயே இருக்கும். யாருக்குச் சங்கத் தொடர்பு என்று தெரிந்துகொள்ள அதைக் கிழிக்கவே தேவையில்லை.

1948இல் பிரஜாவுரிமை போனது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. நிராகரிக்க நினைத்தால், காரணம் காட்டச் சொல்லி ஆணையாளரின் நோட்டீஸ் வரும். அவகாசம் 3 மாதம். அந்த நோட்டீஸைத் தேடி லயத்துக்கு வர ஒரு தபால்காரர் இல்லை. சம்பளம், வீடு, வேலை மூன்றையும் கையில் வைத்திருந்தவரின் மேசையைத் தாண்டித்தான் நாட்டுரிமையும் வரணும்.

என் கணக்கில் விசயமே இங்கேதான் இருக்கு. டவுன் தபால்காரர் கையிலும்தான் கடிதம் இருக்கு, ஆனா அவர் நம்ம பேரை வெட்ட முடியாது. சாவியும் வேலையும் ஒரே கையில் சேரும்போதுதான் பயம் வருது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் இதுதான். ஒரு பரீட்சை மோசடி பற்றிய தகவல் வெளியே கசிந்ததும், விடுதிப் பொறுப்பில் இருந்த 16 டீன்களின் மெயில் கணக்குகளை நிர்வாகம் தேடியது. 2013 மார்ச்சில் விசயம் வெளியே வந்தது. தலைப்பு வரியைத்தான் பார்த்தோம், உள்ளடக்கத்தை வாசிக்கவில்லை என்று விளக்கம் சொன்னாங்க. அதாவது, உறையை மட்டும்! 2017இல் பார்புலெஸ்கு என்ற ருமேனியரின் வழக்கில், ஊழியரின் மடல்களைக் கண்காணிப்பதானால் முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்கணும் என்ற பக்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நின்றது.

நல்ல சேர்வரில் நிர்வாகி எந்தப் பெட்டியை எப்போ திறந்தார் என்று பதிவாகும். அந்தப் பதிவை இன்னொருத்தர் பார்க்கணும், அது வேற கதை. ஆபிஸ் மேசையில் அந்தப் பதிவும் இல்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. இன்றைக்கும் பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதமும் பேங்க் கடிதமும் ஆபிஸுக்குத்தான் முதலில் போகுது.