ஒரு சுட்டின் இன்மை

போர்க்களத்தில் தீராத வழக்குகள் சில, சொற்களுக்குள் குடிபுகுந்து நெடுங்காலம் வாழ்கின்றன. இஸ்ரேல் - பாலஸ்தீன அமைதிப் பேச்சுகளின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1967 ஜூன் போரில் இஸ்ரேல் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, சினாய், கோலன் குன்றுகள் ஆகியவற்றைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள், பிரிட்டன் முன்மொழிந்த 242ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றியது. கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து படைகள் விலக வேண்டும் என்றது அது. ஆங்கில வடிவில் 'நிலப்பகுதிகள்' என்பதன் முன் 'தி' என்னும் சுட்டு இல்லை. ஆகவே, எல்லாவற்றிலிருந்தும் விலகத் தேவையில்லை என்றது இஸ்ரேல். பிரெஞ்சு வடிவிலோ அச்சுட்டு உண்டு. ஆகவே, முழுவதும் விலக வேண்டும் என்றன அரபு நாடுகள். அத்தீர்மானத்தில் பாலஸ்தீனர் என்னும் பெயரே இல்லை; 'அகதிகள் சிக்கல்' என்ற தொடருக்குள் அவர்கள் மறைந்து நின்றனர்.

1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான ஆஸ்லோ உடன்பாடும் இத்தீர்மானத்தையே இறுதித் தீர்வுக்கு அடிப்படையாகக் கொண்டது. பாலஸ்தீன விடுதலை இயக்கம் தன் மக்களின் பிரதிநிதியாக ஏற்கப்பட்டது. எனினும் ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் ஆகியன பின்னர்ப் பேசுவதற்கென ஒதுக்கப்பட்டன. 1999 மே மாதக் கெடு கடந்தது. 2000இல் கேம்ப் டேவிட் பேச்சும் முறிந்தது.

கவிதையில் சொல்லாது விட்ட இடம் பொருளை வளர்க்கும். உடன்படிக்கையில் விட்ட இடத்திலோ மக்கள் தம் வீடுகளையும் வயல்களையும் இழக்கின்றனர்.