யங்கோன்: பதின்ம வயதினரை மிரட்டலால் காக்க முடியுமா?

தமிழர்கள் பலர் இன்றும் ரங்கூன் என்றே அழைக்கும் யங்கோன் நகரில், சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினமான ஜூன் 26ஆம் தேதி, பறிமுதல் செய்யப்பட்ட போதைப்பொருட்களைக் குவித்துத் தீயிடுவது நீண்டநாள் வழக்கம். ஆனால் எரிக்கப்படுவதைவிட உற்பத்தியாவது மிக அதிகம்.

மியன்மாரின் ஷான் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் நடந்த சோதனைகளில் மட்டும் சுமார் 19 கோடி மெத்தம்பெட்டமின் மாத்திரைகள் பிடிபட்டன. தாய்லாந்தில் இதற்கு 'யாபா', அதாவது பைத்திய மருந்து என்று பெயர். பர்மிய மொழியிலோ மனதுக்கு எழுச்சி தரும் மருந்து என்று பொருள்படும் பெயரால் வழங்குகிறது. கேட்பவருக்கு அது ஏதோ சத்து மாத்திரை போலத் தோன்றினால் வியப்பில்லை.

கண்விழித்து லாரி ஓட்டும் நாற்பது வயதுக்காரருக்கும் இது கேடுதான். ஆனால் பதினாறு வயதில் இதன் பிடி வேறு விதமானது. இன்பத்தையும் புதுமையையும் நாடத் தூண்டும் மூளைப் பகுதிகள் பூப்பெய்தும் பருவத்திலேயே வேகம் பெறுகின்றன. விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளையோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. பழகியவற்றை ஆழமாகப் பதித்துக்கொள்வதும் அந்த வயது மூளையின் இயல்பு. பாடத்தை எளிதில் கற்கும் அதே திறன் போதையையும் எளிதில் கற்றுக்கொள்கிறது.

மதுவிலும் இதே நிலைதான். பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், இருபது வயதுக்குப் பின் தொடங்கியவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக மதுவுக்கு அடிமையானதாக அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொடங்கிய வயதுதான் காரணமா, குடும்பச் சூழலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆபத்தை அறியாததால் சிறுவர்கள் கெடுகிறார்கள் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில், தனித்திருந்தபோது ஓரளவு நிதானம் காட்டிய பதின்ம வயதினர், நண்பர்கள் அருகில் இருந்தபோது ஏறக்குறைய இரு மடங்கு துணிந்தனர். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தண்டனையைக் காட்டி அச்சுறுத்தும் கொள்கை, நின்று கணக்குப் பார்க்கும் ஒருவரை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. நண்பர்கள் நடுவே இருக்கும் சிறுவன் அப்படிப்பட்டவன் அல்லன்.

யங்கோனில் அந்தக் கணக்கே குலைந்துபோயிருக்கிறது. 2020இல் பெருந்தொற்றும் 2021இல் ராணுவப் புரட்சியும் பள்ளிகளை முடக்கின. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பதினெட்டாவது பிறந்தநாளே அஞ்சவேண்டிய நாளாகிவிட்டது. எதிர்காலத்தை இழப்பாய் என்ற எச்சரிக்கை அங்கே எவ்வளவு தூரம் எடுபடும்?

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதைப்பொருள் பயன்படுத்துவோர் சிகிச்சைக்குப் பதிவு செய்யத் தவறினால் சிறைத்தண்டனை உண்டு. 2018இல் அது நீக்கப்பட்டது. ஆனால் போதைப்பொருளை வைத்திருப்பதற்கான தண்டனை கடுமையாகவே நீடித்ததால், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச்செல்லத் தயங்கும் பெற்றோரைக் குறைசொல்வது கடினம்.

ஹெரோயினுக்கு மாற்றாக மெத்தடோன் இருக்கிறது. மெத்தம்பெட்டமினுக்கு அப்படியொரு மருந்து இல்லை. பயிற்சி பெற்றவர்கள் பொறுமையுடன் பல மாதங்கள் தரும் உளவியல் ஆலோசனைதான் முக்கிய சிகிச்சை. மியன்மாரில் 2021இல் ராணுவ ஆட்சியை எதிர்த்து அரசுப் பணியைத் துறந்தவர்களில் ஆயிரக்கணக்கான மருத்துவர்களும் செவிலியரும் ஆசிரியர்களும் அடங்குவர்.