அடக்கம் பிறவிக் குணமா? ஊவாத் தோட்டங்களும் ஆளுமை பற்றிய கோட்பாடுகளும்

ஆளுமை, ஊக்கல், மனவெழுச்சி என்பன பற்றிய ஆய்வு தனியொரு துறையாக வளர்வதற்கு முன்னரே, இலங்கையின் மலைநாட்டில் அவை பற்றிய கோட்பாடொன்று நடைமுறையில் இருந்தது. அதனை வகுத்தோர் அறிஞரல்லர், தோட்டத் துரைமாரே. சிங்களக் குடியானவன் சோம்பல் மிக்கவன். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி இயல்பிலேயே பணிவுடையவன், குழந்தை போன்றவன், தந்தை போன்ற துரையின் கண்டிப்பு அவனுக்கு இன்றியமையாதது என்பதே அதன் சாரம். நமுனுகுல மலைச்சாரலிலும் பதுளை, பசறைப் பகுதிகளிலும் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவிய காலத்தில் தோட்ட நிருவாகம் இக்கருத்தின் மீதே நின்றது எனலாம். அக்கருத்து எத்துணை உண்மையானது என்பதை இங்கு நோக்குவோம்.

'சோம்பலை' முதலில் எடுத்துக்கொள்வோம். கண்டிய விவசாயிக்கு வயலும் சேனையும் இருந்தன; குறைந்த கூலிக்குத் தோட்டத்தில் நிரந்தரமாக உழைக்க வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. தமிழ்த் தொழிலாளியோ வறட்சியாலும் கடனாலும் சாதியொடுக்குமுறையாலும் ஊரைவிட்டு வந்தவன். திரும்பிச் செல்வதற்கு அவனிடம் நிலமில்லை. நிலத்தோடு கொண்ட உறவின் வேறுபாடே இங்கு இரு இனங்களின் குணவேறுபாடாகக் காட்டப்பட்டது. மலாயர், யாவகர், பிலிப்பினர் ஆகியோரைப் பற்றிய இத்தகைய குடியேற்றவாதக் கருத்துகளை சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

'பணிவு' எவ்வாறு உண்டாக்கப்பட்டது? ஊரிலேயே பெரிய கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் முதற் கட்டு. 'இவ்வளவு கடனைச் செலுத்தினால் இக்கூட்டத்தை விடுவிப்பேன்' எனத் துரை எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு, ஆட்களையே கடனோடு சேர்த்துத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குக் கைமாற்றியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. வேலைக்கு இறங்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பப் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. எனவே நோயாளியையும் பிரட்டுக்களத்தில் நிறுத்துவதே அவருக்கு இலாபமாயிற்று. வேலை போனால் லயத்துக் காம்பிராவும் போகும். துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தனை கட்டுகளை இட்டபின்னர், கட்டுண்டவனின் அசைவின்மையை அவனது ஆளுமை எனப் பெயரிடுவது விந்தையே.

அக்கட்டுகள் சிறிது தளர்ந்ததும் நிகழ்ந்தது யாது? 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த போராட்ட அலை ஊவாவையும் அடைந்தது. பதுளையையடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர் எனவும், அச்சபையைக் கலந்தே நடப்பதற்குத் துரை உடன்பட்டார் எனவும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் எனவும் லெஸ்லி குணவர்த்தன 1960இல் எழுதிய லங்கா சமசமாஜக் கட்சி வரலாறு கூறுகிறது. கட்சி சார்ந்த நூலென்ற எச்சரிக்கையோடு அதனைப் படிக்கலாம். எனினும் நிகழ்ச்சியின் முக்கியத்துவம் குறைவதில்லை. அவ்வாண்டு மே மாதப் பெருவெள்ளத்தால் ஊவா துண்டிக்கப்பட்டிருந்த வேளையிற் பொலிஸ் அடக்குமுறை அவ்வலையை ஒடுக்கியது. ஆனால் 'பிறவிப் பணிவு' என்ற கோட்பாடு வெவஸ்ஸவிலேயே உடைந்துபோயிற்று.

மனவெழுச்சிகளை அவற்றின் நிலைக்களத்தோடு சேர்த்து நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நான்கு பொருள்களையும் வகுக்கின்றது. அச்சத்தின் நிலைக்களங்களுள் ஒன்று தம் இறை. அதாவது தம்மை ஆள்பவன். வெகுளியின் நிலைக்களங்களோ உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் ஆகியனவாம். துரைக்கு அஞ்சிய தொழிலாளியும் கோவிந்தனின் கொலைக்குப் பின் வெகுண்ட தொழிலாளியும் ஒரே மனிதரே; மாறியது நிலைக்களம்.

நவீன உளவியலும் இவ்விடத்திற்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை ஓர் அடுக்காக வைத்தார். உணவும் பாதுகாப்பும் கீழ்ப்படிகள், மதிப்பு மேற்படி. அவ்வடுக்கு இறுக்கமானதன்று என அவரே கூறினார். ஆனால் முகாமைத்துவப் பாடங்களில் அது 'வயிறு நிறையும்வரை மதிப்பைப் பற்றி எண்ணமாட்டான்' என்றவாறு சுருங்கிற்று. வெவஸ்ஸ தொழிலாளர் வயிறு நிறைந்தபின்னர் சபை கேட்டவரல்லர். டக்ளஸ் மக்கிரகர் 1960இல், தொழிலாளியின் அசட்டை அவனது இயல்பன்று, நிருவாகம் அவனை நடத்தும் முறையின் விளைவே என வாதிட்டார். மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் விலங்குகளை வைத்து, தப்பமுடியாத துன்பம் செயலின்மையைக் கற்பிக்கிறது என்றனர். 2016இல் அதனைத் தாமே திருத்தி, நீடித்த துன்பத்தின்முன் செயலின்மை கற்காமலே வருவது, நிலைமையைத் தம்மால் மாற்றமுடியும் என்பதே கற்கப்படுவது என்றனர். விலங்குச் சோதனையை மனித வரலாற்றின்மீது அப்படியே பொருத்தலாகாது. ஆயினும் தொழிற்சங்கத்தை அத்தகைய கல்வி நிகழும் களமாக நாம் கருதலாம்.

இவ்விவாதம் முடிந்துபோன ஒன்றன்று. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், குறித்த கிலோ பறிக்காதவருக்கு அரைப்பேர் போடும் வழக்கம் ஒழியவில்லை. தோட்டவேலையை விட்டு நகருக்குச் செல்லும் இளைஞருக்கு உழைப்பில் நாட்டமில்லை என்ற பேச்சும் கேட்கிறது. அன்று குடியானவனுக்குச் சூட்டிய பெயர் இன்று பணிவானவனின் பேரனுக்கு வந்துள்ளது. ஒரு மக்கட்கூட்டத்தின் குணத்தைப் பற்றி எவரேனும் உறுதியாகக் கூறும்போது, அக்குணத்தால் இலாபமடைபவர் யார் என்ற வினாவையும் எழுப்புவது ஆய்வாளரின் கடமையாகும்.