தனித்தேர்வுச் சான்றிதழும் நீலகிரித் தோட்டப் பெண்களும்

தனித்தேர்வுச் சான்றிதழ் என்பது பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், பள்ளிக்குச் செல்லாமலேயே தேர்வெழுதிப் பெறும் கல்விச் சான்றிதழ் ஆகும். நீலகிரி மாவட்டத்தின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியும் பெண்களுக்கு இது மாற்று வேலைக்கான வழிகளுள் ஒன்றாகும்.

பின்னணி

தேயிலைக் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் பெண்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் இம்மாவட்டத்தில் குடியேறினர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 6 முதல் 12 வயது வரையிலான கல்வி வசதிக்கே வகை செய்தது. உயர்நிலைப் பள்ளிக்குத் தொலைவு சென்றாக வேண்டிய நிலையில், பெண்பிள்ளைகள் பலரின் படிப்பு இடையிலேயே நின்றது.

வழிமுறைகள்

* அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தேர்வர்களை அனுமதிக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுத 12½ வயது நிறைவடைந்திருக்க வேண்டும்.
* 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரலாம். ஐந்தாண்டுகளுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாகவும் தேறலாம்.

வேலையும் ஊதியமும்

கொழுந்து பறிப்பில் நாட்கூலியும், கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்கான ஊக்கத்தொகையும் கல்வித் தகுதியைச் சார்ந்தவை அல்ல. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கூலி ஒன்றே. எனவே, சான்றிதழின் பயன் வேலை மாறும்போதே கிடைக்கிறது. சத்துணவு அமைப்பாளர் பணிக்கும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதியாகும்.

எனினும் இப்பயனுக்கு வரம்புகள் உண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்கு முன்னர் பத்தாம் வகுப்பு போதுமானதாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் நடுவண் அரசு வழிகாட்டுதல் பன்னிரண்டாம் வகுப்பைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. மேலும், இத்தகைய பணிகளுக்கு வயது வரம்பு உள்ளதால், காலந்தாழ்த்திப் பெறும் சான்றிதழ் பயனற்றுப் போகவும் கூடும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1942இல் போர்வீரர்களுக்காக இத்தகைய நிகர்நிலைத் தேர்வு உருவாக்கப்பட்டது. இதில் தேறிய ஆண்களின் ஊதியம், பள்ளிப் படிப்பை முடித்தோரைவிட இடைநின்றோரின் ஊதியத்தையே பெரிதும் ஒத்துள்ளது எனப் பொருளியலாளர்கள் இசுட்டீவன் கேமரன், சேம்சு எக்மன் ஆகியோர் 1993இல் காட்டினர். சான்றிதழைத் தொடர்ந்து மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ பெறுவதன் இன்றியமையாமையை இது உணர்த்துகிறது.