ஓடை

‘ஸ்ட்ரீமிங்’ என்பதற்கு ‘ஓடை’ பொருந்துமா? ‘ஓடு’ என்னும் வினையில் பிறந்த பெயர் அது. ஓட்டமே அதன் உயிர். ஆனால் 2009இல் ஆப்பிள் வெளியிட்ட எச்.எல்.எஸ். என்னும் ஸ்ட்ரீமிங் முறையில், காணொளிக் கோப்பு பல தரங்களுக்கு மாற்றப்பட்டு, சில நொடி நீளத் துண்டுகளாகச் சர்வரில் இருக்கிறது. பிளேயர் ஒரு பட்டியலைப் படித்து, இணைய வேகத்துக்கேற்ற துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. அப்படியானால் இது தவணைமுறைப் பதிவிறக்கம்தானே என்று வாதிடலாம். பதிவிறக்கத்தின் நோக்கம் சேர்த்துவைப்பது. இங்கோ வந்தது காட்சியாகிக் கழிய, அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. குளம் தேக்குகிறது, ஓடை கடத்துகிறது. பஃபரில் கொஞ்சம் தேங்குகிறதே என்றால், ஓடையிலும் மடு உண்டு. துண்டு என்பது அனுப்பும் முறை. ஓட்டம் என்பது பயன். சொல் பயனைச் சுட்டுவதால் ‘ஓடை’ பொருந்தும்.